செத்தவளுக்கு அரை நாள் விடுப்பு

சோரா மைக்ரோவேவ் அடுப்பிடம் மன்னிப்புக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சோறு சூடாகிவிட்டது என்று அது கீச்கீச்சென்று கத்தியது. அவள் கையில் கிம்ச்சி டப்பாவோடு இடுப்பு வரை குனிந்து, "அன்பான வாடிக்கையாளர் அவர்களே, தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் எதிரில் இருப்பது அடுப்பு என்று உறைத்தது. அதன் கதவைத் திறக்கவே பயமாக இருந்தது. சோற்றை உள்ளேயே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இஞ்சோன் நகரில் காற்றுச் சுத்திகரிப்பான் விற்கும் ஒரு நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில் அவளுக்கு வேலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் விடும் அளவுக்கு அவர்களுக்கு மானம் உண்டு. மற்ற விஷயங்களில்தான் இல்லை. வீட்டுக் காற்றைச் சுத்தமாக்க ஆசைப்பட்டு இயந்திரம் வாங்கியவர்கள், அது பழுதானதும் தங்கள் வாயிலிருந்த அழுக்கையெல்லாம் சோராவின் காதில் கொட்டினார்கள். அவர்கள் கொட்டி ஓயும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. மன்னிப்பு மட்டும்தான் கேட்கலாம். ஆறு வருஷமாக, செய்யாத குற்றத்துக்கெல்லாம் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கதையிலும் நிறைய மன்னிப்பு வரும். ஆனால் யாரும் யாரையும் மன்னிக்கப் போவதில்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கொஞ்ச காலமாகச் சோராவுக்குத் தூக்கம் போய்விட்டது. எதைத் தின்றாலும் அட்டையைத் தின்பது போலிருந்தது. அலைபேசி அதிர்ந்தாலே அதைத் தலையணைக்கு அடியில் திணித்தாள். ஒருநாள் புசானிலிருந்து அம்மா கூப்பிட்டபோது, "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அம்மா கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை.

பக்கத்து மேசை கும்னான் அக்காவிடம்தான் முதலில் அடுப்புக் கதையைச் சொன்னாள். கும்னான் அந்தப் பிரிவிலேயே மூத்தவள், வாயும் பெரிது. கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். சோராவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏண்டி, தூங்குறியா இல்லையா?"

"இல்லக்கா."

"எப்பலேர்ந்து?"

"செர்ரிப் பூ பூத்துச்சே, அப்பலேர்ந்து."

"அடிப் பாவி! வெளிய இலையெல்லாம் கொட்டியாச்சு. இத்தன மாசமா என்ன பண்ணிட்டிருந்த?"

"தானா சரியாயிடும்னு நெனச்சேன். எல்லாருக்கும்தானே அலுப்பா இருக்கு? எப்ப டாக்டர்கிட்ட போகணும்னு எப்படிக்கா தெரியும்?"

"அடுப்புகிட்ட மன்னிப்புக் கேக்கறதுக்கு முன்னாடியே போயிருக்கணும். சரி, அது போச்சு. வாஷிங் மெஷின்கிட்ட கேக்கறதுக்குள்ளயாவது போ."

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பொரித்த கோழிக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். கும்னானின் கணவர் வேலை போன பிறகு சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அங்கேதான் கூட்டிப்போனாளாம். "இப்ப சுவத்த விட்டுட்டு டிவி பாக்கறார். ரிமோட்டுக்குச் சண்டையும் போடறார். மனுசன் திரும்பி வந்துட்டார்னு அர்த்தம்" என்றாள். சனிக்கிழமைகளில் அங்கே இடம் கிடைக்காது. வியாழக்கிழமை பிற்பகல் கிடைக்கும். அதற்கு அரை நாள் விடுப்பு வேண்டும்.

"பல்லு வலின்னு சொல்லிடு. இங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. வெளியாளுங்க கேட்டா இந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் பல்லுதான் சொத்தைன்னு நெனைப்பாங்க" என்றாள் கும்னான்.

சோரா அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மின்தூக்கியில் ஒரு சுவரொட்டி இருந்தது. ஒரு பெரிய காது சிரித்துக்கொண்டிருக்கும். அதன் கீழே, "மனம் திறந்து பேசுங்கள்! நாங்கள் கேட்கிறோம். – மன அமைதிப் பிரிவு" என்று போட்டிருக்கும். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, அது உண்மை என்று அவள் நம்பிவிட்டாள். தூக்கம் கெட்டால் அறிவும் கொஞ்சம் கெட்டுத்தான் போகும்.

மன அமைதிப் பிரிவின் இயக்குநர் பெயர் பியோன். வழுக்கைத் தலை, வெள்ளைப் பல், மார்பில் சிரித்த முகப் பொத்தான். யாருக்கு என்ன மனக்கவலை என்பதைத் தினமும் காலையில் அறிந்துகொள்ள அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். நுழைவாயில் பலகையில் ஒவ்வொருவரும் தன் பெயருக்குப் பக்கத்தில் சூரியன், மேகம், மழை என்று ஏதாவது ஒரு வில்லையை ஒட்ட வேண்டும். முதல் மாதம் பலகை முழுக்க மழை கொட்டியது. இரண்டாம் மாதம் மழை வில்லை கையிருப்பில் இல்லை என்று அறிவித்தார். மேகம் ஒட்ட மேலாளரின் அனுமதி வேண்டும் என்றார். அதன் பிறகு நிறுவனத்தில் வெயில் கொளுத்தியது.

அப்படிப்பட்ட தைரியசாலிக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. சந்திரப் புத்தாண்டு முடிந்து அலுவலகம் திறந்த அன்று, புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் பதற்றத்தில் அவர் காலடியில் ஒரு முறைக்கு இரண்டு முறை விழுந்து வணங்கிவிட்டான். உயிரோடிருப்பவருக்கு ஒரு வணக்கம், செத்தவருக்கு இரண்டு. இது அந்த நாட்டில் குழந்தைக்கும் தெரியும். இயக்குநர் வெளிறிப்போனார். உணவகத்திலிருந்து உப்பு கொண்டுவரச் சொல்லி, தோஷம் கழிய வாசலெல்லாம் இறைத்தார். வீட்டுக்குப் போனவர் மூன்று நாள் வெளியே வரவில்லை. மனசு என்று ஒன்று இருப்பதை அவர் ஒப்புக்கொண்டது அந்த மூன்று நாள்தான்.

சோரா அவர் முன்னால் போய் நின்றாள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை பிற்பகல் விடுப்பு வேண்டும் என்று மனம் திறந்து பேசினாள். அவர் கேட்டார். கேட்பதாகத்தான் சுவரொட்டி சொன்னது. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

"சோரா, உக்காரும்மா" என்றார். "நீ பல்லு வலின்னு வந்திருந்தா இந்நேரம் அனுப்பியிருப்பேன். பல்லு உன் சொந்த விஷயம். மனசு அப்படி இல்லம்மா. மனசு கம்பெனி விஷயம். மூணு வருஷமா நாம 'சிரித்த முகப் பணியிடம்' சான்றிதழ் வாங்கறோம். ஏன் தெரியுமா? நம்ம ஆளு ஒருத்தர்கூட மனநல மருத்துவர்கிட்ட போனதில்ல. போனாத்தானே வியாதி இருக்குன்னு தெரியும்? போகலேன்னா எல்லாரும் ஆரோக்கியம்! சான்றிதழ் குடுக்கற கூட்டமைப்புக்காரங்க அடுத்த மாசம் வர்றாங்க. இப்பப் போய் நீ வியாதியக் கொண்டாந்தா எப்படி?"

"ஐயா, எனக்குப் பயமா இருக்கு. ரயில் வர்ற சத்தம் கேட்டா தூணப் பிடிச்சுக்கறேன்."

இதைச் சொல்ல அவளுக்குப் பல வாரம் ஆகியிருந்தது. வேறு யாரிடமும் சொன்னதில்லை. கும்னானிடம்கூட.

"அப்ப பஸ்ல வாயேன்" என்றார் இயக்குநர். "எங்க காலத்துல மனசுன்னு ஒன்னு இருக்கறதே யாருக்கும் தெரியாது. அதனாலதான் அது கெட்டும் போகல. வெளிய எதுக்கும்மா டாக்டர்? இங்கயே குணமாக்க நான் இருக்கேனே!"

குணமாக்கினார். முதலில் 'நிம்மதி அறை'க்கு அனுப்பினார். அறையின் சாவி அவரிடமே இருந்தது. கூட்டமைப்பு வரும்போது மட்டும் திறப்பார். சோராவுக்காக ஒரு முறை திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் மூங்கிலும், உறை பிரிக்காத ஒரு சாய்வு நாற்காலியும் இருந்தன. உறை கிழியாமல் நாற்காலியில் நிம்மதியாக உட்கார வேண்டும் என்றார். அவள் நுனியில் உட்கார்ந்தாள். உறை சரசரத்தது. "பாத்து, பாத்து!" என்று அவர் வாசலில் நின்று கத்திக்கொண்டே இருந்தார்.

அடுத்தது புதன்கிழமைச் சிரிப்பு வகுப்பு. மதிய உணவு நேரத்தில் சிரிப்பு ஆசிரியர் ஒருவர் வந்து எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் சிரிக்கவைப்பார். சரியாகச் சிரிக்காதவர்கள் சாப்பிடப் போகாமல் மீதிச் சிரிப்பைச் சிரித்து முடிக்க வேண்டும். சோரா பெரும்பாலும் பட்டினி கிடந்தாள். அதற்கடுத்தது மன அழுத்தத்தைக் குறைக்கும் இரவு விருந்து. வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியவர்களைப் பிடித்து வைத்து, பன்றி இறைச்சி சுட்டு, சோஜு சாராயம் ஊற்றிக்கொடுத்து, போதிய தூக்கத்தின் அருமை பற்றி இயக்குநர் விடியும்வரை பேசினார். மறுநாள் காலை எல்லோரும் சூரியன் ஒட்டினார்கள்.

"என்னடி, குணமாயிடுச்சா?" என்று கேட்டாள் கும்னான்.

"இன்னும் ஒரு விருந்து வெச்சா செத்துடுவேன்க்கா."

"அதுக்கும் ஏற்பாடு பண்ணியிருக்காராம்" என்றாள் அவள்.

பொய்யில்லை. கூட்டமைப்புக்காரர்கள் வரும் நாளில் 'மரண அனுபவ விழா' என்று அறிவிப்பு வந்தது. ஊழியர்கள் சணல் கோடித்துணி உடுத்திச் சவப்பெட்டியில் படுக்க வேண்டும், மூடியை மூடுவார்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பார்கள், உயிரின் அருமை புரிந்து, புதிதாய்ப் பிறந்து, பிற்பகல் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஊரே செய்கிற விஷயம்தான். ஆனால் மற்ற இடங்களில் விருப்பப்பட்டவர்கள் மட்டும் சாவார்கள்.

நகருக்கு வெளியே ஒரு மண்டபம். சவப்பெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் கறுப்பு நாடா கட்டிய புகைப்படம், ஊதுவத்தி. எமலோகத் தூதர் வேஷத்தில் இயக்குநரே வந்தார்: கறுப்பு அங்கி, கறுப்புத் தொப்பி, முகத்தில் வெள்ளைப் பூச்சு. சிரித்த முகப் பொத்தானை மட்டும் கழற்றவில்லை. கூட்டமைப்பிலிருந்து சியோக் என்ற அம்மாள் புகைப்படக்காரரோடு வந்திருந்தார். விதிகளைத் தவிர வேறெதையும் பார்த்து ஆச்சரியப்படாத முகம்.

"சாவைப் பாத்தவனுக்கு வாடிக்கையாளர் ஒரு பொருட்டா?" என்று இயக்குநர் முழங்கினார். "உள்ள போகும்போது புலம்பலோட போங்க. வெளிய வரும்போது நன்றியோட வாங்க. மூடுங்கப்பா!"

சோராவின் மேல் மூடி இறங்கியது.

இருட்டு. தேவதாரு மரத்தின் வாசனை. தொலைபேசி இல்லை. கீச்சொலி இல்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இவ்வளவு வசதியான இடத்தை இத்தனை நாள் செத்தவர்களுக்கு மட்டும் கொடுத்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். செர்ரிப் பூவுக்குப் பிறகு அதுதான் முதல் தூக்கம்.

மூடிகளைத் திறந்தபோது எல்லோரும் எழுந்து உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி "நன்றி!" என்றார்கள். சோரா எழவில்லை. லேசாகக் குறட்டை விட்டாள். இயக்குநர் ஓடிவந்து பெட்டிக்குள் குனிந்து தோளை உலுக்கினார்.

"சோரா, எழுந்திரும்மா. படம் எடுக்கணும்."

அவளுக்கு விழிப்பு வந்தது. அந்தத் தூக்கத்தைக் கலைத்ததை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆறு வருஷத்து வசவு, பட்டினிச் சிரிப்பு, சரசரத்த நாற்காலி, "அப்ப பஸ்ல வாயேன்", எல்லாம் சேர்ந்து நெஞ்சுக்குள் எரிந்தது. கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்:

"நான் செத்துட்டேன் ஐயா."

"விளையாடாத!"

"செத்தவங்க எங்க ஐயா விளையாடறாங்க?"

சியோக் அம்மாள் அருகில் வந்தார். "இவங்க ஏன் எழுந்திருக்கல?"

"ஆழ்ந்த அனுபவம் அம்மா! எங்க பயிற்சி அப்படி" என்றார் இயக்குநர், வெள்ளைப் பூச்சின் மேல் வேர்வை வழிய.

"அப்படியா! இதுவரைக்கும் எந்த நிறுவனத்துலயும் இவ்வளவு ஆழமாப் பாத்ததில்ல. சரி, படம் இருக்கு, ஊதுவத்தி இருக்கு, நீங்க மூத்தவர் இருக்கீங்க. முறைப்படி அஞ்சலி செஞ்சிடுங்க. அதையும் படம் எடுத்துக்கறோம்."

இயக்குநர் ஊதுவத்தி ஏற்றினார். முதல் முறை விழுந்தார். எழுந்து, மண்டபத்தைச் சுற்றிலும் பார்த்தார். உப்பு எங்கும் இல்லை.

"இன்னொண்ணு" என்றார் சியோக் அம்மாள்.

உயிரோடிருக்கும் ஒருத்திக்கு, அதுவும் தனக்குக் கீழே வேலை பார்ப்பவளுக்கு, எமதூதர் இரண்டாம் முறையும் விழுந்தார். புகைப்படக்காரர் திருப்தியில்லாமல், "தலை இன்னும் கொஞ்சம் கீழ வரட்டும்" என்றார். வந்தது.

அப்போதுதான் கும்னான் நெஞ்சில் அடித்துக்கொண்டு பெட்டியின் மேல் வந்து விழுந்தாள். சாவு வீட்டில் அழுகிறவளை யாரும் வாயை மூடச் சொல்லக் கூடாது. அது நிறுவன விதிகளுக்கெல்லாம் முந்திய விதி.

"ஐகோ... ஐகோ! என் தங்கமே போயிட்டியா! தூக்கம் வரலன்னு போய்க் கேட்டியே, சிரிக்கச் சொல்லிப் பட்டினி போட்டாரே! மழை வில்லையப் பதுக்கிவெச்ச மகராசன், ஒரு அரை நாள் குடுக்கலையே! டாக்டர்கிட்ட போகணும்னு நின்னியே, சான்றிதழ் போயிடும்னு சொன்னாரே! ஐகோ... ஐகோ!"

ஒப்பாரி ஒட்டிக்கொண்டது. கோடித்துணி உடுத்தியவர்கள் ஒவ்வொருவராக வந்து விழுந்து, தங்கள் பங்குக்கு இயக்குநரின் பெருமைகளை அழுது தீர்த்தார்கள். குழந்தை இறந்து பிறந்த மறுவாரம் சூரியன் ஒட்டச் சொன்னதை ஒருத்தி அழுதாள். அவள் மட்டும் நடிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட போக லீவு கேட்டாங்களா?" என்று கேட்டார் சியோக் அம்மாள்.

"அம்மா, நீங்களே சொல்லுங்க" என்று இயக்குநர் வெடித்தார். "ஒருத்தியப் போக விட்டா எல்லாரும் போவாங்க. எல்லாருக்கும்தானே இருக்கு! யாருக்கும் எதுவும் இல்லன்னு நிரூபிக்க நான் எவ்வளவு பாடுபட்டிருக்கேன்!"

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெல்லப் பெட்டிக்குள் குனிந்தார்.

"என்னம்மா வேணும் உனக்கு?"

"வியாழக்கிழமை பிற்பகல்."

"எடுத்துக்க. எழுந்திரு."

"மனநல மருத்துவர்கிட்ட போறதுக்குன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. பல்லு டாக்டர்னு சொன்னா நான் புதைக்கற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

இயக்குநர் நிமிர்ந்தார். எமதூதரின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சோராவுக்கு... மனநல மருத்துவரைப் பார்க்க... ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிற்பகல் விடுப்பு." 'ஒவ்வொரு' என்பது அவள் கேட்காதது; பயத்தில் வந்துவிட்டது.

சோரா எழுந்து உட்கார்ந்தாள். சத்தமாக "நன்றி!" என்றாள். அதே நேரத்தில் மண்டபம் முழுக்க மரம் உரசும் சத்தம் கேட்டது. இயக்குநர் திரும்பிப் பார்த்தார். பாதிப் பேர் மறுபடி பெட்டிக்குள் படுத்து, மூடியைத் தாங்களே இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் திங்கள்" என்றது ஒரு பெட்டி.

"எனக்குச் செவ்வாய். டாக்டர் யாருன்னு சோராகிட்ட கேட்டுக்கறேன்" என்றது இன்னொன்று.

சியோக் அம்மாள் கைப்பையை மூடினார். "விதிப்படி பங்கேற்ற அனைவரும் உயிர்த்தெழணும். இத்தன பேர் எழுந்திரிக்காததால சான்றிதழ் தர இயலாது" என்று சொல்லிவிட்டு, முறைப்படி ஒரே ஒரு முறை குனிந்து வணங்கிப் போனார்.

வியாழக்கிழமை, பொரித்த கோழி வாசனையோடு மூன்றாம் மாடியில், மருத்துவர் சோராவிடம் சாதாரணமாகச் சில கேள்விகள் கேட்டார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாளாக, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. ரயில் சத்தத்தைச் சொன்னாள். மருத்துவர் பஸ்ஸில் வரச் சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, "இன்னைக்கு வந்தது நல்லதாப் போச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் சாப்பாடும் வேலையும் கெட்டுச்சுன்னா வந்துடணும். சாகத் தோணிச்சுன்னா ரெண்டு வாரமெல்லாம் எண்ணிட்டு இருக்கக் கூடாது, அன்னைக்கே வரணும்" என்றார். சோரா அழுதாள். மன்னிப்புக் கேட்காமல் அழுதாள்.

குளிர்காலம் பாதி போயிருந்த ஒரு வியாழக்கிழமை, அதே காத்திருப்பு அறையில், மூலை நாற்காலியில் ஒருவர் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோட்டில் சிரித்த முகப் பொத்தான் இருந்தது. பாவம், பழக்கதோஷம்.

"அடடே, மன அமைதிப் பிரிவு இயக்குநர் பியோன் ஐயா!" என்றாள் சோரா, அறை முழுக்கக் கேட்கும்படி. வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசி அவளுக்கு உச்சரிப்பு நல்ல தெளிவு.

"மெதுவாம்மா, மெதுவா" என்று அவர் கெஞ்சினார். கண்கள் குழிவிழுந்திருந்தன. "அந்த விழாவுலேர்ந்து தூக்கமே இல்ல. கண்ண மூடினா பெட்டிதான் தெரியுது. ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாத."

"என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"...பல்லு வலின்னு."

அவருடைய நிலைமை சோராவுக்கு முழுக்கப் புரிந்தது. அந்த ராத்திரிகள் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? புரிந்துகொண்டதற்கும் மன்னிப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது. அவள் அங்கேயே நின்றாள்.

"நல்ல டாக்டர் ஐயா. ஒளிக்காமச் சொல்லுங்க, கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கைகளை முன்னால் சேர்த்து, பணிவாக ஒரு முறை குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தாள். பிறகு மறுபடியும் மெதுவாகக் குனியத் தொடங்கினாள்.

இயக்குநர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். "வேணாம்மா! வேணாம்!"

சோரா தரையில் கிடந்த தன் குடையை எடுத்தாள். அதை எடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

அன்று படுத்ததும் தூங்கிப்போனாள். அடுத்த வாரம் இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதெல்லாம் சிகிச்சைல சேராதும்மா" என்றார்.

"தெரியும் டாக்டர்" என்றாள் சோரா. "ஆனா வாரம் ஒரு தடவை கிடைச்சா நல்லாருக்கும். அவருக்கும் வியாழக்கிழமைதானே?"